தொப்பியும் வலந்தலையும்

தாழ்ந்த ஒலியை ஒரு வீட்டுக்குள் கொண்டுவந்து, அங்கே ஏற்கெனவே பாடிக்கொண்டிருக்கும் ஒலிபெருக்கியோடு ஒட்டுத் தெரியாமல் இணைப்பது கருவிகளைப் பற்றிய சிக்கலாகத் தோன்றினாலும், அதன் வேர் கேட்கும் காதிலும் கேட்கப்படும் இடத்திலும் இருக்கிறது. மனிதச் செவி ஒரு நொடிக்கு 20 அதிர்வுகள் முதல் 20,000 அதிர்வுகள் வரையிலான ஒலிகளைக் கேட்க வல்லது. நொடிக்கு இத்தனை அதிர்வு என்ற கணக்கை ஹெர்ட்ஸ் என்னும் அலகால் குறிப்பர். இதில் ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள பகுதியை எழுப்புவதற்கென்றே செய்யப்பட்ட பெட்டி சப்-வூஃபர். குரல், வயலின், குழல், சலங்கை என எஞ்சிய அனைத்தையும் இயன்றவரை தானே பாடிவிட முனைவது முழுவீச்சு ஒலிபெருக்கி. இவ்விரண்டின் சேர்க்கையை அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தை முன்வைத்து எண்ணிப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. இந்த வானம் பார்த்த பூமியின் செவி, தாழ்ஒலியைத் திறந்த வெளியில் நெடுங்காலம் அறிந்திருந்தது. பின்னர் இரண்டு தலைமுறைக் காலம் அதை இழந்திருந்தது. அதன்பின் நான்கு சுவர்களுக்குள் அதை அளவு மீறிப் பெற்றது.

குண்டாற்றின் இரு கரைகளிலும் விரியும் இந்நிலத்தில் ஒலியை மறிக்கும் மலையோ அடர்ந்த தோப்போ அதிகம் இல்லை. பங்குனி, சித்திரை மாதங்களில் பகலெல்லாம் காய்ந்த கரிசல் தரை, வானம் தெளிந்த இரவில் விரைவாகக் குளிர்ந்துவிட, தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலுள்ள காற்று வெதுவெதுப்பாகவும் நின்றுவிடுகிறது. ஒலி வெப்பமான காற்றில் விரைந்தும் குளிர்ந்த காற்றில் மெதுவாகவும் செல்வதால், மேல்நோக்கிக் கிளம்பிய ஒலி வளைந்து மீண்டும் தரைக்கே இறங்குகிறது. வெப்பத் தலைகீழ்நிலை என்று வானிலையாளர் சொல்வது இதையே. நரிக்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் அம்மன் கோயிலில் கொட்டும் மேளம் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு அப்பால், களத்துமேட்டில் படுத்திருப்பவருக்குக் கேட்பது இதனால்தான். ஆனால் மேளம் முழுமையாக வந்து சேர்வதில்லை. ஒலியின் வலிமையை அளக்கும் அலகு டெசிபல். பத்து டெசிபல் குறைந்தால் ஒலியின் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது என்று பொருள். 125 ஹெர்ட்ஸ் ஒலி ஒரு கிலோமீட்டர் காற்றைக் கடக்கும்போது காற்று உறிஞ்சிக்கொள்வது அரை டெசிபலுக்கும் குறைவு. 4,000 ஹெர்ட்ஸ் ஒலியோ அதே தொலைவில் இருபது டெசிபலுக்கும் மேல் இழந்துவிடுகிறது. ஆகவே நாகசுரத்தின் கூர்மையும் கைத்தாளத்தின் கிணுகிணுப்பும் வழியிலேயே கரைந்துபோக, தொலைவிலிருக்கும் காதுக்குத் தவிலின் இடப்பக்க முழக்கமும் உறுமியின் உறுமலுமே வந்து சேர்கின்றன. எந்த ஊரில் திருவிழா நடக்கிறது என்பதை இந்த வட்டாரத்தார் அறிந்துகொண்டது பெரும்பாலும் தாழ்ஒலியின் வழியாகத்தான்.

அந்தத் தவிலையே சற்று நெருங்கிப் பார்த்தால், இக்கட்டுரையின் பொருள் முழுவதும் அதற்குள் இருப்பது தெரியும். பலா மரத்தைக் குடைந்து செய்த ஒரே உடலுக்கு இரண்டு முகங்கள்: வலப்பக்கத்தில் இறுக்கமாக இழுத்துக் கட்டப்பட்ட வலந்தலை, விரல்களில் கூடு மாட்டி அடிக்கப்படுவது, உயர்ந்த வெடிப்பான சொற்களைத் தருவது, இடப்பக்கத்தில் தளர்ந்த தொப்பி, குச்சியால் அடிக்கப்படுவது, தாழ்ந்த கும்காரத்தைத் தருவது. இரண்டு தோலும் வேறு வேறு பதத்தில் இருந்தாலும், இரண்டு கையும் வேறு வேறு முறையில் இயங்கினாலும், கேட்பவர் அவற்றை இரண்டு கருவிகளாக உணர்வதில்லை. வலந்தலையின் ஒலியும் தொப்பியின் ஒலியும் ஒரே இடத்திலிருந்து, ஒரே கணத்தில், ஒருவரின் உடலசைவாகவே எழுகின்றன. உறுமி இதைவிட நுட்பமானது. இடை சிறுத்த அந்தக் கருவியின் ஒரு முகம் நேரான மெல்லிய குச்சியால் அடிக்கப்பட, மற்ற முகத்தில் வளைந்த குச்சி அழுத்தித் தேய்க்கப்படுகிறது. தேய்ப்பின் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி தாழ்ந்தும் உயர்ந்தும் வழுக்கிச் செல்கிறது. இராஜகம்பளத்து நாயக்கர்கள் தேவராட்டத்துக்கு வாசிக்கும் உறுமியைத் தேவதுந்துபி என்று வழங்குவதும், ஆடுபவரின் அடிவைப்பை அந்த உறுமலே நடத்துவதும், தாழ்ஒலியை இம்மண் எவ்வளவு மதித்தது என்பதைக் காட்டும்.

மைக் செட்டு என்றும் ரேடியோ செட்டு என்றும் வழங்கிய கூம்பு ஒலிபெருக்கி ஊர்களுக்குள் நுழைந்தபோது நிகழ்ந்த மாற்றத்தை ஒலியின் வரலாறு இன்னும் போதிய அளவு கவனிக்கவில்லை. பனைமர உயரத்துக் கம்பத்தில் கட்டப்படும் அந்த அலுமினியப் புனல், குறைந்த மின்சாரத்தில் மிகத் தொலைவுக்குக் கேட்கும்படி வடிவமைக்கப்பட்டது. அந்தத் திறனுக்கு விலையாக அது தாழ்ஒலியைக் கைவிட்டது. புனலின் வாய் ஒலி அலையின் நீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவில் இருந்தால்தான் அது அந்த ஒலியைக் காற்றுக்குள் செலுத்த முடியும் என்பதால், இரண்டடி அகல வாயுள்ள புனல் சுமார் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமையாகிவிடுகிறது. கல்யாண வீட்டிலும் காதணி விழாவிலும் கோயில் பொங்கலிலும் கேட்ட திரைப்பாடல்கள் அனைத்தும் இடுப்புக்குக் கீழ் வெட்டப்பட்டே கேட்கப்பட்டன. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைத் தென்மாவட்டங்கள் விரும்பிக் கேட்ட டிரான்சிஸ்டர் பெட்டிகளிலும் உள்ளங்கை அளவு ஒலிபெருக்கியே இருந்தது. 1976இல் ‘அன்னக்கிளி’யோடு தொடங்கிய இளையராஜாவின் காலத்தில், பாடலின் மெட்டுக்கு அடியில் பேஸ் கிட்டார் தனக்கென ஒரு மெட்டோடு நடந்துபோகத் தொடங்கியது. அந்தக் கருவியின் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிப்பது. ஊர் முழுவதும் அந்தப் பாடல்களை மனப்பாடமாக அறிந்திருந்தும், அவற்றின் அந்தப் பாதி பலருடைய காதுகளை எட்டவே இல்லை.

இதில் வியப்பான செய்தி, இழப்பை யாரும் இழப்பாக உணராததுதான். 200, 300, 400 ஹெர்ட்ஸ் ஒலிகள் ஒன்றாக எழும்போது, அவற்றுக்குப் பொதுவான அடிச்சுரமாகிய 100 ஹெர்ட்ஸ் அங்கே இல்லாவிட்டாலும் மூளை அந்தச் சுரத்தையே கேட்கிறது. ஆகஸ்ட் சீபெக் என்னும் ஜெர்மானிய இயற்பியலாளர் 1840களில் துளையிட்ட சக்கரங்களைச் சுழற்றிச் செய்த ஆய்வுகளில் இந்த இயல்பு புலப்பட்டது. கூம்பு ஒலிபெருக்கியில் டி.எம்.சௌந்தரராஜனின் குரல் ஆண்மையோடு கேட்டதற்கு, கேட்டவர்களின் மூளை விடுபட்ட அடிச்சுரத்தை இட்டு நிரப்பிக்கொண்டதே காரணம். சுரத்தை மூளை தந்துவிடும். நெஞ்சுக்கூட்டில் வந்து தங்கும் அழுத்தத்தை அது தராது. மேளத்தின் அருகே நிற்பவர் உடலால் கேட்கும் அந்தப் பங்கு, புனலின் வழியே ஒருபோதும் வந்ததில்லை.

இப்பின்னணியில் பார்த்தால், ஒலிநாடாக் காலத்தின் பிற்பகுதியிலும் குறுந்தகட்டுக் காலத்திலும் தாழ்ஒலி வீட்டுக்குள் வந்தபோது எழுந்த பெரும் பசி விளங்கும். உள்ளூர் ரேடியோ மெக்கானிக் கூட்டிக் கொடுத்த அசெம்பிள் செட்டும், தச்சர் அறுத்துக் கொடுத்த ஒட்டுப்பலகைப் பெட்டியும், காருக்கென்று செய்த 12 அங்குல வூஃபரும், பின்னாளில் ஐந்து சிறு பெட்டியும் ஒரு பெரும் பெட்டியுமாக வந்த ஹோம் தியேட்டரும் அந்தப் பசிக்கு உணவாயின. ‘கும்முன்னு இருக்கு’ என்பது அக்காலத்துப் பாராட்டுச் சொல். அந்தப் பாராட்டை இழித்துரைப்பது அறிவுடைமை ஆகாது. மேளத்தின் அருகே நின்ற உடலின் நினைவே அதில் பேசுகிறது. ஆயினும் அந்தக் ‘கும்’ பாடலோடு சேராமல் அறையின் ஒரு மூலையில் தனியே குடியிருந்தது என்பதும், பாடல் எதுவானாலும் அது ஒரே சுரத்தில் இடித்தது என்பதும் உண்மை. தொப்பி ஒரு திசையிலும் வலந்தலை மற்றொரு திசையிலும் ஒலிக்கும் தவிலாக அந்தச் செட்டுகள் இருந்தன.

சேர்க்கையின் தேவையைப் புரிந்துகொள்ள, சிறிய ஒலிபெருக்கி ஏன் தாழ்ஒலியில் தோற்கிறது என்பதை அறிய வேண்டும். ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. அதே வலிமையோடு ஒரு ஸ்தாயி கீழே, அதாவது பாதி அதிர்வெண்ணில் ஒலிக்க வேண்டுமானால், அது நான்கு மடங்கு தொலைவு அசைய வேண்டும். 160 ஹெர்ட்ஸிலிருந்து 40 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் பதினாறு மடங்கு. நான்கு அங்குலக் கூம்புக்கு அவ்வளவு இடமில்லை. பன்னிரண்டு அங்குலக் கூம்போ ஒன்பது மடங்கு பரப்புடையதாதலால் சிறிதே அசைந்து அந்த வேலையை முடித்துவிடும். இங்கே பலரும் தவறவிடும் நன்மை ஒன்று உண்டு. தாழ்ஒலிக்காகத் திணறிக்கொண்டிருக்கும் சிறு கூம்பு, அதே நேரத்தில் குரலையும் பாட வேண்டியிருப்பதால், பெரும் அசைவின் மேல் சிறு அசைவு ஏறிச் சென்று குரல் கலங்குகிறது. அந்தச் சுமையைச் சப்-வூஃபரிடம் ஒப்படைத்துவிட்டு, முழுவீச்சுப் பெட்டிக்குச் செல்லும் மின்குறிப்பிலிருந்து தாழ்பகுதியை வடித்து நீக்கினால், முதலில் தெளிவது குரல்தான். சப்-வூஃபரை வாங்கி இணைத்துவிட்டு, பழைய பெட்டிகளை முன்போலவே முழுப்பாரத்தோடு ஓடவிடுகிறவர், அந்தப் பெட்டி தரக்கூடிய சிறந்த பயனை இழக்கிறார்.

இவ்வாறு வடித்துப் பிரிக்கும் மின்சுற்றுக்குக் கிராஸ்ஓவர் என்று பெயர். கண்மாய்ப் பாசனத்தை அறிந்த நாட்டில் இதை விளக்குவது எளிது. ஒரே கண்மாயின் நீர் மேல்மடை வழியாகவும் கீழ்மடை வழியாகவும் வெவ்வேறு வாய்க்கால்களுக்குப் பிரிவதைப் போல, ஒரே பாடல் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் இரண்டாகப் பிரிந்து, மேற்பகுதி முழுவீச்சுப் பெட்டிக்கும் கீழ்ப்பகுதி சப்-வூஃபருக்கும் போகிறது. ஆனால் உவமை இங்கேயே முடிந்துவிடுகிறது. மடைநீர் பிரிந்து தனித்தனி வயல்களில் பாய்ந்து அடங்கிவிடும், பிரிந்த ஒலியோ கேட்பவரின் காதில் மீண்டும் ஒன்றாக வேண்டும். எந்த மின்சுற்றும் கோடு கிழித்ததுபோல் பிரிப்பதில்லை. ஒரு ஸ்தாயிக்கு 12 டெசிபல் அல்லது 24 டெசிபல் என்ற சரிவில் மெல்லக் குறைத்துக்கொண்டே போகிறது. ஆகவே எல்லையை ஒட்டிய சுரங்களை இரண்டு பெட்டிகளும் சேர்ந்தே பாடுகின்றன. ஹ்யூலெட்-பேக்கார்டு நிறுவனத்தில் பணியாற்றிய சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் 1976இல் வெளியிட்ட, அவர் பெயரோடு ரஸ் ரைலியின் பெயரையும் சேர்த்து வழங்கும் முறை இன்று பெரிதும் கையாளப்படுவதற்குக் காரணம், அதில் எல்லைச் சுரத்தை இரண்டு பெட்டிகளும் தலைக்கு 6 டெசிபல் குறைத்துப் பாட, இரண்டும் காற்றில் கூடும்போது குறைவும் மிகுதியும் இன்றிச் சமமாகிவிடுவதுதான்.

எல்லையை எங்கே வைப்பது என்பதில் செவியின் இயல்பே வழிகாட்டுகிறது. ஒலி வரும் திசையை இரு காதுகளுக்கும் இடையிலான வேறுபாட்டைக் கொண்டு மூளை கணிக்கிறது; 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் நாலரை மீட்டரை நெருங்குவதால், மூடிய அறைக்குள் அந்த வேறுபாடு மிகச் சிறிதாகி, திசை தெரியாமல் போகிறது. திரையரங்கு ஒலியின் தரத்துக்கென லூகாஸ்ஃபிலிம் வகுத்த டி.ஹெச்.எக்ஸ். முறை வீட்டு அமைப்புகளுக்கு 80 ஹெர்ட்ஸை எல்லையாகக் கொண்டது இதனால்தான். கையடக்கமான ஹோம் தியேட்டர் செட்டுகளில் சிறு பெட்டிகள் மூன்று அங்குலக் கூம்புகளைக் கொண்டிருப்பதால், அவற்றின் சப்-வூஃபர் 150 அல்லது 200 ஹெர்ட்ஸ் வரை ஏறிப் பாட வேண்டியிருக்கிறது. ஆண்குரலின் அடிப்பகுதி அந்த எல்லைக்குள் வந்துவிடுவதால், தொலைக்காட்சிக்கு இருபுறமும் பாட வேண்டிய குரலின் நெஞ்சு மட்டும் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒலிக்கும் விபரீதம் நேர்கிறது. ஐந்து அல்லது ஆறு அங்குலக் கூம்புள்ள இரண்டே பெட்டிகளும் ஒரு சப்-வூஃபரும் கொண்ட எளிய செட்டு, ஆறு பெட்டிகளின் கூட்டத்தைவிடப் பாட்டுக்கு நேர்மையாக இருக்கும்.

இனிக் காலம். சப்-வூஃபர் மற்றப் பெட்டிகளைவிடக் கேட்பவருக்கு ஒரு மீட்டர் அருகில் இருந்தால், அதன் ஒலி அவற்றின் ஒலியைவிட ஒரு நொடியின் ஆயிரத்தில் மூன்று பங்கு அளவு முந்தி வருகிறது. மிகச் சிறிய நேரமாகத் தோன்றும் இது, 80 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு முழுச் சுற்றில் ஏறக்குறைய கால் பங்கு. ஒரு பெட்டி காற்றை அழுத்தும்போது மற்றது இழுக்குமானால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒலி கூடுவதற்குப் பதில் குழி விழும். இந்த முன்பின் நிலையைக் கட்டம் என்பர். சப்-வூஃபரின் பின்புறத்தில் 0, 180 என்று எழுதியிருக்கும் விசை இதற்கானதே. பெரும்பாலான வீடுகளில் அது வாங்கிய நாளிலிருந்து தொடப்படாமல் இருப்பது வருத்தத்துக்குரியது. எல்லை அதிர்வெண்ணிலேயே ஒரே சீரான ஒலியை ஓடவிட்டு, விசையை மாற்றி மாற்றி, எந்த நிலையில் ஒலி மிகவும் குன்றுகிறது என்று முதலில் பெட்டியை நகர்த்தியாவது கண்டுபிடித்து, பின் அதற்கு எதிர்நிலையில் விசையை வைத்துவிட வேண்டும். மிகுதியைவிடக் குறைவைக் காது கூர்மையாக அறியும் என்பதால் குழியைத் தேடுவதே எளிது.

இவ்வளவும் சரியாக அமைந்த பின்னும், கடைசிச் சொல் அறையினுடையது. இரு எதிர்ச்சுவர்களுக்கு இடையிலான தொலைவைப்போல் இருமடங்கு நீளமுள்ள அலை, அங்கே போய்த் திரும்பித் தன்மேலேயே கூடி நிலையாக நின்றுவிடுகிறது. இதற்கு நிலை அலை என்று பெயர். இவ்வட்டாரத்துச் சித்திரை இரவின் வெப்பத்தில் ஒலி நொடிக்கு 350 மீட்டர் அளவில் செல்வதாகக் கொண்டால், பத்தடி அகலச் சுவர்களுக்கு இடையே 57 ஹெர்ட்ஸும், பன்னிரண்டடிக்கு இடையே 48 ஹெர்ட்ஸும் இவ்வாறு தேங்கும். கூரையையும் ஓட்டையும் மாற்றிக் கட்டிய கான்கிரீட் வீடுகளில் பத்துக்குப் பத்து அறை மிகுதி. தளமும் ஏறக்குறைய பத்தடி உயரத்தில் இருந்துவிட்டால், நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே 57 ஹெர்ட்ஸில் தேங்கி, பேஸ் கிட்டார் எந்தச் சுரத்தை வாசித்தாலும் அந்த ஒன்றே இடிப்பதுபோல் ஆக்கிவிடும். தச்சர் துளைக்குழாய் வைத்துச் செய்த பெட்டியும் 50 ஹெர்ட்ஸை ஒட்டியே முழங்கும்படி அமைந்துவிட்டால், இரண்டு முழக்கங்களும் கைகோத்துக்கொள்கின்றன. மூலையில் தனியே குடியிருந்த அந்தக் ‘கும்’மின் பிறப்பிடம் இதுதான். இத்தகைய அறைக்குக் குழாய் இல்லாத மூடிய பெட்டியே ஏற்றது. அது தாழ்ந்த பக்கத்தில் மெல்லச் சரிந்து குறைவதை, மூடிய சிறு அறை இயல்பாகவே தரும் கூடுதல் அழுத்தம் ஈடுசெய்துவிடும்.

நிலை அலை அறை முழுவதும் ஒரே அளவில் இருப்பதுமில்லை. சுவரோரத்தில் அதன் அழுத்தம் உச்சமாகவும் அறையின் நடுவில் வெறுமையாகவும் இருக்கும்; சுவரில் சாய்ந்திருப்பவர் இடியைக் கேட்கும்போது, நடு அறையில் நாற்காலி போட்டு அமர்ந்தவர் அந்தச் சுரமே இல்லாததாக உணர்வார். பாய் விரித்துத் தரையில் அமர்ந்தும் படுத்தும் கேட்பது இங்கே வழக்கமாதலால், தரைக்கும் தளத்துக்கும் இடையில் தேங்கும் அலையின் உச்சம் நேராகக் காதிலேயே வந்து விழுகிறது. சோபாவில் அமர்ந்து கேட்பவரை மனத்தில் கொண்டு எழுதப்படும் அயல்நாட்டுக் கையேடுகள் இதைக் கணக்கில் கொள்வதில்லை. பெட்டியின் இடத்தைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. ஒலி எழும் இடமும் கேட்கும் இடமும் தம்முள் மாறினாலும் அறையின் நடத்தை மாறாது என்பது இயற்பியல் விதி. ஆகவே சப்-வூஃபரைக் கேட்பவர் அமரும் பாயின் மேலேயே வைத்துவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து சென்று, எந்த இடத்தில் எல்லாத் தாழ்சுரங்களும் ஏற்றத்தாழ்வின்றிக் கேட்கின்றனவோ அங்கே பெட்டியைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். பெட்டி ஒன்றுக்கு இரண்டாக இருந்து, எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைக்கப்பட்டால் தேக்கம் பெரிதும் சமப்படும் என்பதை டாட் வெல்டி 2002இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒரு பெரிய பெட்டிக்குச் செலவிடும் பணத்தில் இரண்டு சிறிய பெட்டிகளைச் செய்துகொள்வது அறிவுள்ள செலவு.

ஓட்டு வீட்டின் கதை வேறு. சரிந்த கூரையில் இடைவெளிகளோடு அடுக்கிய நாட்டு ஓடும், திறந்தே கிடக்கும் தெருக்கதவும், பட்டாசாலையை அடுத்த முற்றமும் தாழ்ஒலியின் அழுத்தத்தைத் தேங்கவிடாமல் வெளியேற்றிவிடுகின்றன. 1895 முதல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் விரிவுரைக் கூடம் ஒன்றின் எதிரொலியைச் சீர்செய்ய முனைந்த வாலஸ் சபீன், இருக்கை மெத்தைகளை அடுக்கி அடுக்கி அளந்து, ஒலியை உறிஞ்சும் ஆற்றலுக்குத் திறந்த சன்னலையே அலகாகக் கொண்டார். வெளியே போன ஒலி திரும்பி வருவதில்லை என்பதால் திறந்த சன்னலைவிடச் சிறந்த உறிஞ்சி இல்லை என்பது அவர் கருத்து. காற்றுக்காக ஆண்டு முழுவதும் சன்னலைத் திறந்துவைக்கும் நாட்டில் இந்த அலகு புத்தகத்திலிருந்து இறங்கி வீட்டுக்குள் வந்து நிற்கிறது. திருச்சுழி என்ற பெயருக்கு அவ்வூர்த் தலபுராணம் கூறும் காரணம், ஊழி வெள்ளம் பெருகியபோது சிவபெருமான் நிலத்தைத் துளைத்து, வெள்ளம் அந்த வழியே சுழித்து உள்ளிறங்கச் செய்தார் என்பது. அறைக்குள் தேங்கும் தாழ்ஒலிக்கும் அப்படியொரு சுழி வேண்டும். ஓட்டு வீட்டுக்கு அது கட்டடத்திலேயே அமைந்திருக்கிறது. அதனால்தான் அங்கே சப்-வூஃபர் அளவில் குறைவாகவும் தெளிவில் மிகுதியாகவும் ஒலிக்கிறது. கான்கிரீட் அறையில் இடிக்கும் அதே பெட்டி, பட்டாசாலையில் அடக்கமாகப் பேசுகிறது. ஓட்டு வீட்டுக்குப் பெரிய கூம்பும், கான்கிரீட் அறைக்குச் சிறிய கூம்பும் வேண்டும் என்பதைக் கடைக்காரர்கள் கேட்டறிந்து விற்பார்களானால் பாதிச் சிக்கல் தீரும்.

கான்கிரீட் அறையில் திரையும் போர்வையும் தொங்கவிட்டால் தேக்கம் குறையும் என்று எண்ணுவது பயன்தராது. மெல்லிய துணி உயர்ஒலியை மட்டுமே உறிஞ்சும். 50 ஹெர்ட்ஸ் அலையின் கால் பங்கே ஒன்றே முக்கால் மீட்டர். அந்த அலையைத் தளர்த்த மூலைகளில் தடித்த பஞ்சுப் பொதி வேண்டும். பருத்தி விளைந்த காலங்களில், வியாபாரிக்காகக் காத்திருக்கும் பருத்தி மூட்டைகள் ஒரு சுவரோரம் அடுக்கப்பட்டிருந்த அறைகள், யாரும் நினையாமலே நல்ல கேட்பறைகளாக இருந்திருக்க வேண்டும். மின்னணுச் சமன்படுத்தியைக் கொண்டு தேங்கும் சுரத்தைக் குறைக்கலாம். வெறுமை விழுந்த இடத்தை நிரப்ப அதனால் ஆகாது, அங்கே எவ்வளவு ஊற்றினாலும் அழிந்துபோகும்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இல் காட்டியபடி, செவி தாழ்ஒலியில் மந்தமானது. 1,000 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் அளவில் கேட்கும் மெல்லிய ஒலிக்குச் சமமாக 50 ஹெர்ட்ஸ் ஒலி கேட்க வேண்டுமானால் அது 78 டெசிபல் வரை எழ வேண்டும். மெதுவாக வைத்துக் கேட்கும்போது பேஸ் மறைந்துபோவதும், சத்தத்தைக் கூட்டியதும் அதுவே எல்லாவற்றையும் மூடுவதும் இந்த மந்தத்தின் இரு விளைவுகள். விசைத்தறி ஓடும் தெருக்களில் இது மேலும் சிக்கலாகிறது. தறியின் இடைவிடாத ஓட்டத்துக்கு நடுவே பகலில் சரிசெய்யப்பட்ட சப்-வூஃபர், தறி நின்ற இரவில் அளவு கடந்து நிற்கும். எனவே எப்போது கேட்பது வழக்கமோ அப்போதே அளவை அமைப்பது முறை. இந்த ஊர்களில் அது பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னான நேரம்.

அந்த நேரத்தில் பக்கத்து வீடும் இருக்கிறது. நெசவாளர் தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவராக நிற்பவை. சுவர் உயர்ஒலியைத் தடுக்கும் அளவுக்குத் தாழ்ஒலியைத் தடுப்பதில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு விதித்துள்ளன. ஆனால் அந்தக் கணக்குக்குப் பயன்படும் ‘ஏ’ நிறையளவு முறை, செவியின் மந்தத்தைப் பின்பற்றி, 50 ஹெர்ட்ஸ் ஒலியிலிருந்து 30 டெசிபலைக் கழித்துவிடுகிறது. கூம்பு ஒலிபெருக்கிகளைக் கட்டக் கூடாது என்று விழாக்களுக்குக் காவல்துறை நிபந்தனை விதிப்பது வழக்கமாகிவிட்ட இன்று, அவற்றின் இடத்துக்கு வந்த பெட்டிகளின் இடிமுழக்கம் அளவியில் அடக்கமாகவே பதிவாகும். பக்கத்து வீட்டுத் தொட்டிலில் உறங்கும் குழந்தைக்கு அந்தக் கழித்தல் கணக்குத் தெரியாது. வீட்டுப் பெட்டியின் அடியில் தடித்த ரப்பர் துண்டுகளை வைத்துத் தரையிலிருந்து அதைப் பிரிப்பது சிறு செலவு. அதன்பின்னும் எஞ்சுவதை, கேட்பவர் தம் கையால் குறைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

சேர்க்கை நிறைவாக அமைந்ததா என்று சோதிக்க விலையுயர்ந்த இசைத்தட்டுகளைத் தேட வேண்டியதில்லை. நன்கு பதிவான உறுமி மேளம் ஒன்று போதும். வளைந்த குச்சி தோலில் அழுந்தி நகரும்போது எழும் உறுமல், தாழ்ந்த இடத்திலிருந்து படிப்படியாக அல்லாமல் வழுக்கியே மேலேறி, மீண்டும் வழுக்கியே இறங்குகிறது. அவ்வாறு ஏறி இறங்கும்போது அது சப்-வூஃபரின் எல்லையிலிருந்து முழுவீச்சுப் பெட்டியின் எல்லைக்குள் பலமுறை போய்வருகிறது. கட்டம் பிழைத்திருந்தால் அந்த எல்லையில் உறுமல் ஒரு கணம் தொண்டை அடைத்துக்கொள்ளும். அறை ஒரு சுரத்தில் தேங்கியிருந்தால் அந்த இடத்தில் மட்டும் வீங்கிப் பின் சுருங்கும். சப்-வூஃபரின் ஒலியளவு கூடியிருந்தால், கீழே இறங்கும்போதெல்லாம் உறுமிக்காரர் எழுந்து மூலைக்குப் போய்விட்டதுபோல் இருக்கும். பெட்டியை ஒரு சாண் நகர்த்தி, விசையைத் திருப்பி, அளவைச் சற்றே தணித்து, சன்னலைத் திறந்து, மறுபடியும் அதே உறுமலை ஓடவிட்டு, அது எங்கும் முறியாமல், எங்கும் புடைக்காமல், மெல்லிய குச்சி அடிபடும் அதே இடத்திலிருந்து எழுந்து அதே இடத்தில் அடங்கும்வரை இந்த வேலை தொடர வேண்டும்.